கரண்டி நிற்கும் பானம் பிறந்த கதை

1502ஆம் ஆண்டு. ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் குவானாகா தீவு. கொலம்பஸின் நான்காவது கடற்பயணம், அதுவே அவருடைய கடைசிப் பயணமும்கூட. நங்கூரமிட்டு நின்ற ஸ்பானியக் கப்பல்களுக்குப் பக்கத்தில் நீளமான படகொன்று வந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகு, நடுவில் ஓலை வேய்ந்த கூரை, துடுப்புப் போட 25 பேர். மாயா வணிகர்களின் படகு அது. வண்ணத் துணிகள், செம்புக் கோடரிகள், மக்காச்சோளத்தில் புளிக்கவைத்த மது, இவற்றோடு ஒரு குவியல் பழுப்புக் கொட்டைகள். ஸ்பானியர்கள் படகை மடக்கினார்கள். சரக்கு கைமாறும்போது கொஞ்சம் கொட்டைகள் சிதறின. பிடிபட்டு நிற்கிறோம், அடுத்து என்ன ஆகுமோ என்ற பயத்தையெல்லாம் மறந்து, அந்த மனிதர்கள் பதறிக் குனிந்து ஒன்றுவிடாமல் பொறுக்கினார்கள். கொலம்பஸின் 13 வயது மகன் பெர்னாண்டோ இதைக் கவனித்தான். பிற்காலத்தில் எழுதியும் வைத்தான். ஏதோ வாதுமைக் கொட்டை என்றுதான் நினைத்தான். அப்பாவின் கவனம் தங்கத்தின் மீதும் இந்தியாவுக்குப் போகும் வழியின் மீதும் இருந்தது. கொட்டையை அவர் பொருட்படுத்தவில்லை. அதன் மதிப்பு ஐரோப்பியர்களுக்குப் புரிய இன்னும் 17 ஆண்டுகள் ஆயின.

1519 நவம்பரில் ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்த்தெஸின் படை அஸ்தெக்குகளின் தலைநகரமான தெனோச்தித்லானுக்குள் நுழைந்தது. அந்தக் கொட்டைதான் அங்கே சில்லறைக் காசு. சந்தையில் காய்கறி, கோழி எல்லாம் கொட்டைக் கணக்கில் விலைபோயின. அரசரின் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கொக்கோ. அதைவிடப் பெரிய வியப்பு, இவர்கள் காசை அரைத்துக் குடித்தார்கள் என்பது. அரசர் மொக்தெசுமாவின் விருந்தில் பொற்கிண்ணங்களில் கொக்கோ பரிமாறப்பட்டதையும், நுரை ததும்பும் பெரிய குடங்கள் ஐம்பதுக்கு மேல் வந்து இறங்கியதையும் படைவீரர் பெர்னால் டியாஸ் தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் குடத்தில் இருந்தது இதுதான். கொக்கோ விதைகளைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, மூன்று கால் வைத்த சரிவான கல்லின் முன் மண்டியிட்டுப் பெண்கள் அரைத்தார்கள். அந்த விழுதைத் தண்ணீரில் கரைத்து, மிளகாய், வனிலா, செந்நிறச் சாயம் தரும் அனாட்டோ விதை சேர்த்தார்கள். பிறகு நின்றபடி, மேலே தூக்கிய பாத்திரத்திலிருந்து தரையில் வைத்த பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஆற்றினார்கள். நுரை எழும்பும். அந்த நுரைதான் உயிர். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது, சூடும் கிடையாது. பல வீடுகளில் இதனோடு மக்காச்சோள மாவும் சேர்ந்தது. வயிறு நிறையும், பானம் கெட்டிப்படும், விலை உயர்ந்த கொக்கோவும் மிச்சமாகும். இந்தக் கதையின் நாயகன் அந்த மக்காச்சோளம்தான். ஐரோப்பா அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் நாள் அதிக தூரத்தில் இல்லை.

முதலில் ஐரோப்பா தள்ளியது மொத்தப் பானத்தையுமே. 1541இலிருந்து 14 ஆண்டுகள் புதிய உலகில் சுற்றிய இத்தாலியர் ஜிரோலாமோ பென்ஸோனி, இது மனிதர்களுக்கானதல்ல, பன்றிகளுக்கானது என்ற பொருளில் எழுதினார். கிராமங்களைக் கடக்கும்போதெல்லாம் யாராவது கிண்ணத்தை நீட்டுவார்கள், இவர் மறுப்பார், கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இப்படியே ஓராண்டுக்கு மேல் ஓடியது. ஒரு கட்டத்தில் கையிலிருந்த திராட்சை மது தீர்ந்துபோனது. வெறும் தண்ணீரையே எத்தனை நாள் குடிப்பது? வேறு வழியின்றி வாயில் வைத்தார். கசந்தது. ஆனாலும் உடம்புக்குத் தெம்பாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். மது தீர்ந்துபோன அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால், பென்ஸோனியின் புத்தகத்தில் வசவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

1544இல் கெக்சி மாயா பெருமக்கள் சிலரை டொமினிக்கன் துறவிகள் ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்று இளவரசர் பிலிப்பின் முன் நிறுத்தினார்கள். அவர்கள் கொண்டுபோன காணிக்கையில் கெட்சால் பறவையின் இறகுகளோடு, அடித்து நுரைத்த சாக்லேட்டும் பாத்திரங்களில் இருந்தது. ஸ்பெயின் மண்ணில் இந்தப் பானம் தென்பட்ட முதல் பதிவு அது. அடுத்த சில பத்தாண்டுகளில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் குடியேறிய ஸ்பானியர்களின் சமையலறைகளில் மூன்று மாற்றங்கள் நடந்தன. பானம் சூடானது. கரும்புச் சர்க்கரை சேர்ந்தது. மிளகாய் மெல்ல விலக, இலங்கைக் காடுகளிலிருந்து கடல் கடந்த இலவங்கப்பட்டை உள்ளே வந்தது. நுரைக்காக ஆற்றும் வேலையை ஒரு மரக்கருவி ஏற்றுக்கொண்டது. மொலினில்லோ என்று பெயர். நம் மத்தைப் போலவே உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக் கடைவது. மூடியில் ஓட்டை போட்ட கூஜாவுக்குள் அதை நிறுத்திக் கடைந்தால், மிதக்கும் கொழுப்பும் தண்ணீரும் ஒன்று கலந்து வழவழப்பாகும்.

1631இல் மாட்ரிட்டில் ஒரு சிறு நூல் அச்சானது. எழுதியவர் அந்தலூசியாவின் எஸிஹா ஊர்க்காரரான மருத்துவர் அன்டோனியோ கோல்மெனெரோ டி லெடெஸ்மா. முழுக்க முழுக்க சாக்லேட்டைப் பற்றிய நூல். கொக்கோ விதை 100, மிளகாய் 2, சோம்பு ஒரு கைப்பிடி, ஒரு வனிலாக் காய், வாதுமை, ஹேசல் கொட்டை, இலவங்கப்பட்டை, அரை ராத்தல் சர்க்கரை என்று அளவோடு பக்குவம் சொன்னார். போகிற போக்கில் ஒரு தீர்ப்பும் எழுதினார். சாக்லேட்டில் மக்காச்சோளம் கலப்பவர்கள் பெருந்தவறு செய்கிறார்கள், அது உடம்பில் கரும்பித்தத்தைக் கிளப்பிவிடும் என்றார். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியத்தில் கரும்பித்தம் என்றால் மனச்சோர்வு, நோய், எல்லாம். அந்தப் புத்தகம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் மொழிபெயர்க்கப்பட்டுக் கண்டமெங்கும் பரவியது. நாயகன் வெளியே போயாயிற்று.

அப்படியும் பானம் கெட்டியாகவே இருந்தது. காரணம் கொட்டைக்குள்ளேயே இருந்தது. கொக்கோ விதையின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு. கூடவே வாதுமையையும் அரைத்துச் சேர்த்தால் கிண்ணத்தில் ஊற்றும்போது பானம் தயங்கித் தயங்கி விழும். இந்தக் கெட்டித்தன்மைதான் திருச்சபையைத் தூங்கவிடாமல் செய்தது. விரத நாளில் பானம் அருந்தலாம், உணவு கூடாது. சாக்லேட் எந்தப் பக்கம்? 1636இல் அன்டோனியோ டி லியோன் பினெலோ என்ற அறிஞர் இந்த ஒரே கேள்விக்காகத் தனிப் புத்தகம் எழுதினார். தண்ணீரில் கரைத்தால் சரி, பாலோ முட்டையோ சேர்ந்தால் உணவு என்று ஒரு தரப்பு. பசியாற்றும் எதுவும் உணவுதான் என்று இன்னொரு தரப்பு. 1664இல் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரான்காச்சோ, நீர்ப்பொருள் விரதத்தை முறிக்காது என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்ட பிறகுதான் பக்தர்கள் ஓரளவு நிம்மதியாகக் குடித்தார்கள். ஆனால் மெக்சிகோவின் தென்கோடியில், ஓர் ஆயருக்கு அதற்கு முன்பே விபரீதம் நேர்ந்துவிட்டது.

சியாபாஸ் மாகாணத்தில், இன்று சான் கிறிஸ்டோபல் எனப்படும் ஊரில் நடந்ததாக இதைச் சொல்பவர் அந்த ஊரில் சில காலம் தங்கியிருந்த ஆங்கிலத் துறவி தாமஸ் கேஜ். ஊர்ச் சீமாட்டிகளுக்கு நீண்ட திருப்பலி முடியும்வரை வயிறு தாங்காது. நடுவிலேயே பணிப்பெண்கள் சூடான சாக்லேட் கோப்பைகளோடு கோவிலுக்குள் வருவார்கள். ஆயர் பெர்னார்டினோ டி சலசார் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கோவிலுக்குள் குடிப்பவர்களைத் திருச்சபையிலிருந்தே விலக்குவதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். பெண்கள் கோவிலை மாற்றினார்களே தவிரக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. சில நாளில் ஆயர் படுக்கையில் விழுந்தார், உடல் வீங்கி இறந்தார். அவர் குடித்த ஒரு கோப்பை சாக்லேட்டில் நஞ்சு கலந்திருந்ததாக ஊரே பேசியது என்கிறார் கேஜ். சியாபாஸ் சாக்லேட் என்றால் எச்சரிக்கை என்று ஒரு சொலவடையே அங்கே பிறந்ததாம். நஞ்சின் வாடையையும் கசப்பையும் மறைக்க இதைவிடத் தோதான பானம் அந்த ஊரில் வேறு இருந்திருக்காது.

அதே நூற்றாண்டில் பெருவில் நடந்த விபத்து இவ்வளவு பயங்கரமானதல்ல. வைஸ்ராய் மார்க்கேஸ் டி மான்செராவின் மாளிகை விருந்தில் ஒரு பெண்மணி கோப்பையைச் சரித்துப் பட்டாடையைப் பாழாக்கிக்கொண்டாராம். நொந்துபோன வைஸ்ராய், கோப்பை அசையாமல் உட்கார நடுவில் வளையம் வைத்த தட்டு ஒன்றைச் செய்யச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. மான்செரினா என்று அவர் பெயராலேயே அது இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வளையத்தைச் சுற்றியிருந்த அகலமான இடத்தில் ரொட்டி, பிஸ்கட் அடுக்கினார்கள். கெட்டியான பானத்தில் எதையாவது தோய்த்துத் தின்னும் வழக்கத்துக்கு இப்படித் தட்டும் தயாரானது.

இந்தப் பானத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சமையலறை பிளாரன்ஸில் இருந்தது. டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ டி மெடிசிக்கு மல்லிகைப் பித்து. கோவாவிலிருந்து அடுக்கு மல்லிகைச் செடி தருவித்துத் தன் தோட்டத்தில் வளர்த்து, ஒரு கிளையும் வெளியே போகாதபடி காவல் வைத்தவர். நம் ஊர்க் குண்டுமல்லிக்கு நெருங்கிய சொந்தம் அது. அந்த இனத்துக்கு இன்றும் டஸ்கனி கோமகன் என்றே பெயர். அவருடைய அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. இறைச்சியிலிருந்து புழு தானாகப் பிறப்பதில்லை என்று 1668இல் சோதனை செய்து காட்டிய விஞ்ஞானி. அவர் சாக்லேட்டுக்குள் மல்லிகையைக் கொண்டுவந்தார். எப்படி என்று கேட்டவர்களுக்கு வாயே திறக்கவில்லை. அரசவை ரகசியம்.

அவர் காலத்துக்குப் பின் வெளிவந்த செய்முறை, ரெடி எவ்வளவு பொறுமைசாலி என்பதைக் காட்டுகிறது. மல்லிகையை வடித்து எடுத்தால் வாசம் போய்விடும், தண்ணீரில் ஊறப்போட்டால் சாக்லேட் கெட்டுவிடும். கொழுப்போ வாசனையைத் தானாகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த கொக்கோவைப் பெட்டியில் ஓர் அடுக்குப் பரப்பினார். அதன்மேல் அன்று பறித்த மல்லிகை ஓர் அடுக்கு. மறுபடி கொக்கோ, மறுபடி பூ. 24 மணி நேரம் கழித்துக் கிளறி, புதுப் பூ போடுவது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. அதற்குப் பிறகுதான் சர்க்கரை, வனிலா, இலவங்கப்பட்டை, சிட்டிகை அம்பர் என்ற வாசனைப் பொருள். அரைக்கும் கல்லுக்கு அடியில் நெருப்பு உண்டு; ஆனால் கல் அதிகம் சூடேறினால் அத்தனை நாள் சேர்த்த மணமும் ஆவியாகிவிடும். ஒரு கோப்பைக்காக இரண்டு வாரம் காத்திருந்த பிளாரன்ஸ், அடுத்த நூற்றாண்டின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனது.

18ஆம் நூற்றாண்டில் சாக்லேட் அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்தது. லண்டனில் சாக்லேட் கடைகள் அரசியல் மடங்களாகவும் சூதாட்டக் கூடங்களாகவும் மாறின. 1763இல் தூரின் நகரில் கான்சொலாத்தா தேவாலயத்துக்கு எதிரே ஒரு சிறு கடை திறந்தது. திருப்பலிக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வெளியே வந்ததும் தெம்புக்குச் சாக்லேட் குடித்தார்கள். அங்கே காபி, கெட்டிச் சாக்லேட், பாலேடு மூன்றும் சின்னக் கண்ணாடிக் குவளையில் அடுக்கடுக்காக இறங்கின. பிச்செரின் என்ற அந்தப் பானமும் அந்தக் கடையும் இன்றும் இருக்கின்றன. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கொக்கோக் கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டது. இந்திய மண்ணில் கொக்கோ வேர்விட்டது அங்கேதான். சாரலில் நனைந்த அந்தக் கன்றுகளால் ஐரோப்பியக் கோப்பைக்கு ஒரு பயனும் இல்லை. ஐரோப்பாவில் வேறொரு புரட்சி தயாராகிக்கொண்டிருந்தது.

புரட்சிக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1825இல், பிரெஞ்சு நீதிபதி பிரியா-சவரின் சுவையைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதில் பெல்லே ஊர்க் கன்னியர் மடத்தின் தலைவி தனக்குச் சொன்ன ஒரு நுணுக்கத்தைப் பதிவு செய்தார். சாக்லேட்டை முந்தின நாள் மாலையே பீங்கான் கூஜாவில் காய்ச்சி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் சூடுபண்ணிக் குடித்தால் அது செறிந்து பட்டுப்போல இறங்கும். அந்த அம்மையாருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அவர் சொன்னது உண்மை. கொக்கோவின் நுண்துகள்கள் நேரம் கொடுத்தால் மெல்ல ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதன் சொந்த மாவுச்சத்தும் பானத்தை இறுக்கும். அவசரக்காரர்களுக்கு அது கிடைக்காது. துரதிர்ஷ்டமாக, அடுத்து வந்தது அவசரக்காரர்களின் காலம்.

1828இல் ஆம்ஸ்டர்டாமில் காஸ்பாருஸ் வான் ஹௌட்டன் ஓர் அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல புத்தகங்கள் மகன் கொன்ராடின் பெயரைச் சொன்னாலும் பத்திரம் அப்பா பேரில்தான். சாக்லேட் பானத்தின் தீராத தலைவலி மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம். அந்தத் தலைவலியின் வேரையே வான் ஹௌட்டன் பிடுங்கினார். கொக்கோ விழுதை இயந்திரம் நசுக்கியதும் கொழுப்பில் சுமார் பாதி வழிந்து வெளியேறியது. எஞ்சியது இறுகிய வில்லை. அதைப் பொடித்தால் கொக்கோத் தூள். மகன் அதில் காரஉப்பு சேர்த்துக் கசப்பைக் குறைத்து, தண்ணீரில் எளிதாகக் கலக்கும்படி செய்தார். ஒரு ஸ்பூன் தூள், வெந்நீர், ஒரு கலக்கு. அரைக்க வேண்டாம், கடைய வேண்டாம், இரவெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம். ஏழையும் வாங்கக்கூடிய விலை. வெளியே வழிந்த அந்தக் கொழுப்பை மறுபடி சேர்த்துத்தான் 1847இல் பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை வார்த்தது. உலகம் இரண்டையும் கொண்டாடியது. கோப்பையில் மட்டும் ஏதோ குறைந்திருந்தது. கெட்டி போய்விட்டது. மக்காச்சோளத்தைத் துரத்தியபின் அதன் இடத்தைத் தாங்கிப் பிடித்த கொழுப்பும் கைவிட்டுவிட்டது.

இந்தச் சமயத்தில் கதை, சாக்லேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துக்குத் தாவுகிறது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு கஞ்சிப் பசைத் தொழிற்சாலை. சட்டைக் கழுத்துப்பட்டை விறைப்பாக நிற்க அன்று துணிக்குக் கோதுமைக் கஞ்சிதான் போட்டார்கள். அங்கே வேலை பார்த்த தாமஸ் கிங்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரே நச்சரிப்பு. ஊர் முழுக்க மலிவாகக் கிடைக்கும் மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்தால் என்ன? பிரியாது என்றார்கள் எல்லோரும். கிங்ஸ்ஃபோர்ட் மக்காச்சோளத்தை ஊறவைத்து நசுக்கினார். சாம்பல் காரநீரில் போட்டார். பிரியவில்லை. சுண்ணாம்பு நீரில் போட்டார். அதுவும் தோல்வி. வெறுத்துப்போய், முந்தைய தோல்வியைக் கொட்டிவைத்த அதே தொட்டியில் இதையும் கொட்டிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் தொட்டியைக் கழுவக் கவிழ்த்தபோது, அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு. தூய மாவுச்சத்து. இரண்டு தோல்விகள் ஒன்று கலந்து வெற்றியாகியிருந்தன என்று இந்தக் கதையைச் சொல்கிறார்கள். 1842இல் முறை கைவந்தது. ஆறே ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோவில் அவருடைய பெரிய ஆலை ஓடியது. சலவைக்குப் பிறந்த அந்த மாவை 1850வாக்கில் சமையலுக்கும் விற்றார்கள். 1854இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிரவுன் அண்டு போல்சன் நிறுவனம் கார்ன்ஃப்ளாருக்குக் காப்புரிமை பெற்றது. சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. ஒரு ஸ்பூன் போதும், எதையும் கெட்டியாக்கும். கரும்பித்தம் என்று விரட்டப்பட்ட மக்காச்சோளம் வெள்ளை உடுப்பில் ஐரோப்பாவின் வாசலில் நின்றது.

உள்ளே வர ஒரு தடை இருந்தது. இங்கிலாந்தில் மாவு என்றாலே மோசடி என்ற பேர். அழுத்தப்படாத கொக்கோவின் எண்ணெயை உறிஞ்ச, உற்பத்தியாளர்கள் உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசியும் கலந்து விற்றார்கள். சிலர் நிறத்துக்காகச் செங்கல் தூள்வரை போனார்கள். 1850களில் லான்செட் மருத்துவ இதழ் இந்தக் கலப்படத்தைப் பிரித்து மேய்ந்தது. 1866இல் கேட்பரி சகோதரர்கள் டச்சு இயந்திரத்தை வாங்கி, மாவே சேராத தூய கொக்கோ என்று விளம்பரம் செய்து மேலே வந்தார்கள். தூய்மை நியாயமான கோரிக்கைதான். ஆனால் கலப்பட மாவையும் கெட்டிக்கான மாவையும் ஒரே தராசில் நிறுத்தியதில், இங்கிலாந்து மெல்லிய கொக்கோவோடு நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன்.

மத்தியதரைக் கடலோரம் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கோப்பை என்றால் கரண்டி விட்டுச் சாப்பிட வேண்டும் என்பதில் மக்கள் விடாப்பிடியாக இருந்தார்கள். 1894இல் மாட்ரிட்டின் ஒரு சந்தில் தொடங்கிய சான் ஹினேஸ் கடையில், நாடக அரங்கிலிருந்து நள்ளிரவில் வெளியே வந்தவர்கள் எண்ணெயில் பொரித்த சூடான சுர்ரோ என்ற பலகாரத்தை அந்தக் கெட்டிச் சாக்லேட்டில் முக்கிச் சாப்பிட்டார்கள். வியன்னாக்காரர்கள் முட்டை மஞ்சள்கருவால் கெட்டியாக்கினார்கள். 1903இல் ஆஸ்திரியரான அந்துவான் ரும்பெல்மாயர் பாரிஸின் ரிவோலி தெருவில் ஆஞ்செலினா தேநீரகத்தைத் திறந்தார். அங்கே புகழ்பெற்ற கோப்பை ஆப்பிரிக்கக் கொக்கோவைச் சேர்த்துச் செய்தது. தூளில் கலக்குவது அல்ல, சாக்லேட்டையே தாராளமாக உருக்கி ஊற்றுவது. வான் ஹௌட்டன் பிழிந்தெடுத்த கொழுப்பு, சாக்லேட் கட்டியின் வழியாக மீண்டும் கோப்பைக்குள் வந்துவிட்டது.

2000ஆவது ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டுக்குச் சட்டம் எழுதியபோது, ஸ்பெயினின் கோப்பைச் சாக்லேட்டுக்கு அதில் தனி இடம் கிடைத்தது. கொக்கோ குறைந்தது 35 சதவீதம். மாவு அதிகபட்சம் 8 சதவீதம். குடும்ப வகையென்றால் மாவு 18 சதவீதம்வரை போகலாம். என்ன மாவு? கோதுமை, அரிசி அல்லது மக்காச்சோளம். 1631இல் கோல்மெனெரோ துரத்தியதை, ஒரு சட்டத்தின் இணைப்புப் பட்டியல் அளவு குறித்துத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இன்று குளிர்நாள் மாலையில் யாரோ வீட்டில் கலக்கும் கெட்டியான ஐரோப்பிய ஹாட் சாக்லேட், இத்தனை பேரின் கைபட்ட பொருள். அதன் பக்குவத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு சிறிய கோப்பைக்குக் கொழுப்புள்ள பால் 300 மில்லி, 60 முதல் 70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராம், கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளார் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை விருப்பம்போல, சிட்டிகை உப்பு. சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படிப்பது அவசியம். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காம்பவுண்ட் வகையில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். கோப்பையில் அது மெழுகாக நாக்கில் ஒட்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவில் செய்த நல்ல டார்க் சாக்லேட் இப்போது எளிதாகவே கிடைக்கிறது.

கார்ன்ஃப்ளாரையும் கொக்கோத் தூளையும் சர்க்கரையையும் கொஞ்சம் குளிர்ந்த பாலில் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும். சூடான பாலில் மாவை நேராகக் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையின் மேல்தோலும் உடனே வெந்து இறுகி, உள்ளே ஈரமே போகாமல் கட்டி தட்டும். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் சூடாக்கி, இந்தக் கரைசலை ஊற்றி, கையெடுக்காமல் துழாவ வேண்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். விளிம்பில் குமிழ் வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் சிறு தீயில் விட்டால் பச்சை மாவு வாசம் போகும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பொடியாக நறுக்கிய சாக்லேட்டைப் போட வேண்டும். கொக்கோ வெண்ணெய் உருக 35 டிகிரி சூடே போதும். கொதியில் போட்டால் எண்ணெய் பிரியும். பிறகு மத்தோ விஸ்க்கோ கொண்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கடைந்தால், கரண்டியின் முதுகில் வழியாமல் படியும் பதம் வரும். மாவு பிடிக்காதவர்கள் பாரிஸ் முறைக்குப் போகலாம்: பாலில் கால் பங்குக்குப் பதில் கிரீம், சாக்லேட் 20 கிராம் கூடுதல், மெல்லிய தீயில் பத்து நிமிடம்.

மேலே போடும் அடித்த கிரீமில் சர்க்கரை கூடாது. கசப்பும் இனிப்பும் கோப்பைக்குள்ளேயே தீர்ந்துவிட வேண்டிய கணக்கு. மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் புட்டிங்போல இறுகியிருக்கும். இரண்டு ஸ்பூன் பால் விட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் சூடாக்கிக் கடைந்தால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.